மொய் நோட்டும் படிவம் 460-உம்

அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனாலேயே உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும், பந்தல் வாசலில் மேசை போட்டு அவரைத்தான் மொய் எழுத உட்கார வைப்பார்கள். மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்ட நீள நோட்டு. ஊர், பெயர், தொகை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் தகப்பன் பெயரோ பட்டப்பெயரோ சேரும். ராத்திரி எண்ணும்போது தட்டில் இருப்பதற்கும் நோட்டில் இருப்பதற்கும் பத்து ரூபாய் இடித்தால்கூட அப்பா இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். "பணம் குறைஞ்சா கையக் கடிச்சுக் கட்டிறலாம். பேரு விட்டுப்போச்சுன்னா பகையாயிரும்" என்பார்.

கலிபோர்னியாவில், எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கான பார்சல் டாக்ஸ் கமிட்டிக்கு நான் பொருளாளராக ஒப்புக்கொண்ட அன்று இதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. கமிட்டியின் வரவு செலவுக் கணக்கை எழுதிக் கொடுக்கும் படிவம் 460-ஐ முதல்முறை திறந்தபோதுதான் வந்தது.

பார்சல் என்றால் நமக்கு இட்லி. இங்கே அது வீட்டுமனை. ஒவ்வொரு மனைக்கும் வருடத்துக்கு இவ்வளவு டாலர் என்று, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி வட்டம் வரி கேட்கும். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றால்தான் அது நிறைவேறும். ஆனால் வட்டமே களத்தில் இறங்கி ஓட்டுக் கேட்க முடியாது. பொதுப் பணத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பிரசாரம் செய்யக் கூடாது என்று 1976-இல், ஸ்டான்சன் – மாட் வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் துண்டறிக்கையைப் பள்ளி மின்னஞ்சலில் அனுப்பக்கூடப் பள்ளி முதல்வருக்கு வழியில்லை. ஆகவே பெற்றோர்கள்தான் கமிட்டி போட வேண்டும், பெற்றோர்கள்தான் பணம் திரட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தில் எனக்கு எக்ஸெல் நன்றாக வரும் என்று சொல்லித் தொலைத்தேன்.

விதிகள் இப்படி. ஒரு காலண்டர் வருடத்தில் 2,000 டாலர் சேர்ந்துவிட்டால் நீங்கள் சட்டப்படி கமிட்டி. பத்து நாளுக்குள் பதிவு செய்யப் படிவம் 410. மாநிலச் செயலருக்கு வருடத்துக்கு 50 டாலர் கட்டணம். தனி வங்கிக் கணக்கு. பொருளாளர் இல்லாத கமிட்டி ஒரு டாலர் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தப்பு நடந்தால் அபராதம் பொருளாளரின் தலையிலும் விழலாம். தேர்தல் அலுவலகம் உங்கள் வரிக்கு ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்ததும், அந்த எழுத்தையும் நீங்கள் ஆதரவா எதிர்ப்பா என்பதையும் கமிட்டியின் பெயரிலேயே சேர்த்து மறுபடி படிவம் கொடுக்க வேண்டும். வருடத்தில் மொத்தம் 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த ஒவ்வொருவருக்கும் பெயர், முகவரி, தொழில், வேலை பார்க்கும் இடம் என நான்கும் வேண்டும். தொழிலும் வேலையிடமும் 60 நாளுக்குள் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 100 டாலரும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கவே கூடாது. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஒருவர் 1,000 டாலர் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஊர், பெயர், தொகை. நோட்டுதான் கொஞ்சம் நீளம்.

மொய் நோட்டில் இல்லாத ஒரு தொல்லை இதில் உண்டு. பணம் மட்டுமல்ல, பொருளும் மொய்தான். தொண்டர்களின் உழைப்புக்குக் கணக்கு கிடையாது. நூறு பேர் நாள் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்டலாம். ஆனால் அந்த நூறு பேருக்கும் யாராவது ஓசியில் சாப்பாடு போட்டால், அதன் சந்தை விலையைப் போட்டு எழுத வேண்டும். எங்களுக்கு அப்படி வந்தவர் இங்கே உணவகம் நடத்தும் கோயம்புத்தூர்க்காரர். முதல் சனிக்கிழமை காலை அவராகவே 200 இட்லி, வடை, ஒரு பெரிய அண்டா சாம்பார் கொண்டுவந்து இறக்கினார். நான் ரசீது கேட்டேன்.

"ஏனுங்க, இட்லிக்குமா கணக்கு?"

"ஆமாங்கண்ணா. கடையில வித்தா என்ன விலையோ அது."

240 டாலர் என்று எழுதிக்கொண்டேன். உணவகத்தின் பெயரையும் முகவரியையும் போட்டேன். இந்த இட்லி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எல்லாவற்றையும் இத்தனை நுணுக்கமாகக் கேட்கிற சட்டம் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: எவ்வளவு கொடுக்கலாம் என்று. வேட்பாளருக்குக் கொடுப்பதென்றால் உச்சவரம்பு உண்டு. வாக்குச்சீட்டில் நிற்பது ஆளாக இல்லாமல் ஒரு கேள்வியாக இருந்தால் வரம்பே கிடையாது. ஒருவர் 100 டாலர் தரலாம், 10 கோடியும் தரலாம்.

இது தற்செயல் அல்ல. இந்த நேரடி வாக்கெடுப்பு முறையே பணத்துக்கு எதிராகப் பிறந்ததுதான். சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பிடியில் மாநில அரசியல் இருந்த காலத்தில், ஆளுநர் ஹைரம் ஜான்சன் 1911-இல் இதைக் கொண்டுவந்தார். சட்டமன்றத்தைக் கம்பெனி வாங்கிவிட்டால் மக்களே சட்டம் போட்டுக்கொள்ளட்டும் என்பது நோக்கம். 1974-இல் மக்கள் நிறைவேற்றிய அரசியல் சீர்திருத்தச் சட்டம், கணக்குப் பார்க்க எஃப்.பி.பி.சி. என்ற ஐந்து பேர் ஆணையத்தை உண்டாக்கியது. இத்தகைய வாக்கெடுப்புகளில் செலவுக்கு வரம்பும் வைத்தது. இரண்டே வருடத்தில் அந்த வரம்பு நீதிமன்றத்தில் விழுந்தது.

அப்புறம் நாட்டின் உச்ச நீதிமன்றம் கதவை முழுக்கத் திறந்துவிட்டது. 1978-இல் பெலாட்டி வழக்கு: மாசசூசெட்ஸில் வருமான வரி குறித்த ஒரு வாக்கெடுப்பில் வங்கிகளும் கம்பெனிகளும் செலவழிக்க மாநிலம் போட்ட தடை, ஐந்துக்கு நான்கு என்று ரத்தானது. 1981-இல் பெர்க்லி வழக்கு. வாக்கெடுப்புக் கமிட்டிக்கு ஒருவர் 250 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று பெர்க்லி நகரம் விதி வைத்திருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டை எதிர்த்த ஒரு குழு, ஒன்பது பேரிடம் அதற்கு மேல் வாங்கிவிட்டது. கூடுதலாக வாங்கிய 18,600 டாலரை நகரக் கருவூலத்தில் கட்டு என்றார்கள். விதியே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு தீர்ப்புக்கும் அடியில் இருக்கும் வாதம் ஒன்றுதான். ஆளுக்குப் பணம் கொடுத்தால் அந்த ஆள் நாளை பதிலுதவி செய்வான், அது ஊழல். கேள்விக்குப் பணம் கொடுத்தால் பதிலுதவி செய்ய யார் இருக்கிறார்கள்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். 2020-இல் ப்ராப் 22-க்கு (மாநில வாக்கெடுப்புக்கு வரும் ஒவ்வொரு முன்மொழிவையும் இங்கே ப்ராப் என்று எண் போட்டுச் சொல்வார்கள்) ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலான கம்பெனிகள் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் கொட்டியதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "இம்புட்டு மொய் செஞ்சவன் அதை எங்க போய் வசூல் பண்ணுவான்?"

மொய் என்பது திரும்பி வர வேண்டிய பணம் என்பது அவருக்குத் தெரியும். நீதிபதிகள் ஏன் அதை யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பதிலுதவி செய்ய ஆள் தேவையில்லை, கேள்வியே பதிலுதவி. ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள் என்று அந்தக் கம்பெனிகளே எழுதி முன்வைத்த சட்டம் அது. 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றது. அதைத் திருத்தச் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்றுகூட உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். வசூல் முடிந்தது.

பணம் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல வரவில்லை. 2010-இல் பி.ஜி. அண்ட் ஈ. மின்சாரக் கம்பெனி, உள்ளாட்சிகள் தனக்குப் போட்டியாக மின் விநியோகத்தில் இறங்குவதைக் கடினமாக்க ப்ராப் 16-ஐக் கொண்டுவந்து, ஏறத்தாழத் தனியாளாக 4.6 கோடி டாலர் செலவழித்தது. எதிர்த்தரப்பிடம் இருந்தது சில்லறை. கம்பெனி தோற்றது. 2022-இல் விளையாட்டுச் சூதாட்டம் பற்றிய ப்ராப் 26, ப்ராப் 27 இரண்டுக்கும் எல்லாத் தரப்பும் சேர்ந்து 45 கோடி டாலருக்கு மேல் இறைத்தார்கள். இரண்டும் மண்ணைக் கவ்வின. 27-க்கு 18 சதவீதம்கூடத் தேறவில்லை. என் கணக்கில், பணத்துக்கு 'வேண்டாம்' வாங்கித் தரத் தெரிந்த அளவு 'வேண்டும்' வாங்கித் தரத் தெரியாது. குழப்பம் வந்தால் ஜனங்கள் 'வேண்டாம்' போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த ப்ராப் 27 விளம்பரங்களை நான் மறக்க மாட்டேன். இணையச் சூதாட்டக் கம்பெனிகளின் பணத்தில் ஓடிய அந்தக் கமிட்டியின் பெயரைத் தமிழில் சொன்னால், 'வீடற்றோர் பிரச்சினைக்கும் மனநல ஆதரவுக்கும் தீர்வு காணும் கலிபோர்னியர்கள்'. வரும் வரியில் ஒரு பங்கு வீடற்றோருக்குப் போகும் என்பது உண்மைதான். சாராயக் கடைக்குக் கல்விக்கண் திறக்கும் நிலையம் என்று பலகை மாட்டின மாதிரி.

வரம்பு வைக்க முடியாது என்றானபின் மாநிலங்களின் கையில் மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதனால் விதிகள் எல்லாம் பெயரைச் சுற்றியே. 2018 முதல் நடப்பில் இருக்கும் கலிபோர்னியா டிஸ்குளோஸ் சட்டப்படி, 50,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களில் முதல் மூன்று பேரின் பெயர் விளம்பரத்திலேயே வர வேண்டும். எழுத்துரு ஏரியல் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. கையில் கொடுக்கும் துண்டறிக்கை என்றால் எழுத்து குறைந்தது 10 புள்ளி அளவு. தொலைக்காட்சி என்றால் கறுப்புப் பின்னணியில், திரையின் அடியில், வெள்ளை எழுத்தில். முன்பெல்லாம் எறும்பு படிக்கும் அளவில் போட்டார்களாம். அதற்காகத்தான் இவ்வளவு கறார்.

சரி, பெயரே பொய்யாக இருந்தால்?

2012 அக்டோபர். கலிபோர்னியாவில் இரண்டு பெரிய கேள்விகள்: ஆளுநர் ஜெரி பிரவுன் கேட்ட வரி உயர்வான ப்ராப் 30, தொழிற்சங்கங்களின் அரசியல் நிதியை முடக்கும் ப்ராப் 32. முதலாவதைத் தோற்கடிக்கவும் இரண்டாவதை ஜெயிக்க வைக்கவும் திரட்டிக்கொண்டிருந்த ஒரு கமிட்டிக்கு, தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது 1.1 கோடி டாலர் வந்து விழுந்தது. மொய் எழுதியவர் பெயர்: அமெரிக்கன்ஸ் ஃபார் ரெஸ்பான்சிபிள் லீடர்ஷிப், அரிசோனா. அதுவரை கலிபோர்னியாவில் யாரும் கேள்விப்படாத பெயர்.

எஃப்.பி.பி.சி. உனக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டது. சொல்ல மாட்டேன் என்றது அந்த அமைப்பு. விவகாரம் நீதிமன்றம் போனது, மேல்முறையீடு போனது. நவம்பர் 6 செவ்வாய்க்கிழமை தேர்தல். 4-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூடி, பதிவேடுகளைக் கொடு என்று உத்தரவிட்டது. திங்கள் காலை உண்மை வந்தது. நாங்கள் வெறும் இடைத்தரகர். எங்களுக்குக் கொடுத்தது அரிசோனாவிலேயே இருக்கும் சென்டர் டு ப்ரொடெக்ட் பேஷன்ட் ரைட்ஸ். அதற்குக் கொடுத்தது வர்ஜீனியாவில் இருக்கும் அமெரிக்கன்ஸ் ஃபார் ஜாப் செக்யூரிட்டி. மூன்று அடுக்கு, மூன்றும் நல்ல பெயர்கள். பொறுப்பான தலைமை, நோயாளி உரிமை, வேலைப் பாதுகாப்பு. அடுக்குகளைப் பிரித்துப் பார்த்த பிறகும் மறுநாள் வாக்களிக்கப் போனவர்களுக்கு ஒரு மனிதனின் பெயர்கூடத் தெரியாது. ப்ராப் 30 ஜெயித்தது, 32 தோற்றது. ஒரு வருடம் கழித்து, 2013 அக்டோபரில், 10 லட்சம் டாலர் அபராதத்தில் வழக்கு சமரசமானது. அதுவரை அந்த மாநிலத்தில் இல்லாத தொகை என்று சொன்னார்கள். பணம் வாங்கிய கமிட்டியையும், வாங்கிய 1.1 கோடி டாலரை அரசுக்குக் கட்டச் சொன்னார்கள். ஓட்டுப் போட்டு முடித்தவனுக்கு அதனால் என்ன? பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு மொய் நோட்டைத் திருத்துகிற கதை.

வாஷிங்டன் மாநிலத்தில் 2013-இல் நடந்தது இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே ஒளிந்தவர்கள் நம் வீட்டு அலமாரியில் இருப்பவர்கள். மரபணு மாற்றிய உணவுக்கு லேபிள் ஒட்ட வேண்டும் என்று ஐ-522 என்ற முன்மொழிவு. முந்தைய வருடம் கலிபோர்னியாவில் இதே மாதிரி ஒன்றை எதிர்த்துப் பணம் கொடுத்த உணவு கம்பெனிகள் நுகர்வோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் தனக்குள்ளேயே ஒரு நிதியை உண்டாக்கி, பெப்சி, கோக், நெஸ்லே உள்ளிட்ட கம்பெனிகளிடம் வசூலித்து, சங்கத்தின் பெயரில் 1.1 கோடி டாலர் கொடுத்தது. அந்த உள் நிதிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'பிராண்டுகளின் பாதுகாப்பு'. இதற்கு மட்டும் உண்மையான பெயர் வைத்திருந்தார்கள், வெளியே தெரியாது என்ற தைரியத்தில். முன்மொழிவு சிறு வித்தியாசத்தில் தோற்றது. மாநில அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் வழக்குப் போட்டார். 60 லட்சம் டாலர் அபராதம், வேண்டுமென்றே செய்ததால் மூன்று மடங்காக 1.8 கோடி. சங்கம் விடாமல் இழுத்து, 2022-இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தொகை அதிகமில்லை என்று முடித்து வைத்தது. ஒன்பது வருடம்.

இதே சட்டங்களின் மறுமுனையில் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒஹையோவில் மார்கரெட் மெக்கின்டயர் என்ற பெண்மணி 1988-இல் ஒரு பள்ளி வரியை எதிர்த்துத் தானே தயாரித்த துண்டறிக்கையை ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தில் கொடுத்தார். அடியில் 'அக்கறையுள்ள பெற்றோரும் வரி செலுத்துவோரும்' என்று இருந்தது, தன் பெயர் இல்லை. 100 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் 1995-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அவர் உயிரோடு இல்லை. மான்டானாவில் ஒரு சிறிய தேவாலயம், ஒரு மனுவைத் தன் நகலெடுக்கும் இயந்திரத்தில் சில பிரதிகள் எடுத்து வாசலில் வைத்ததற்காக, கணக்குக் கொடுக்காத கமிட்டி ஆகிவிட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்பாற்றியது. கொலராடோவில் பார்க்கர் நார்த் என்ற குடியிருப்பில் சிலர், பக்கத்து ஊரோடு தங்களைச் சேர்க்கக் கூடாது என்று முற்றத்தில் பலகை நட்டார்கள். சேர வேண்டும் என்ற தரப்பு, இவர்கள் கமிட்டியாகப் பதிவு செய்யவில்லை என்று புகார் கொடுத்தது. அங்கே அப்போது 200 டாலரைத் தாண்டினாலே கமிட்டி. 2010-இல் அவர்களும் ஜெயித்தார்கள். அண்டைவீட்டுச் சண்டைக்கு ஆயுதமாகத் தேர்தல் நிதிச் சட்டத்தைப் பயன்படுத்தலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு கொலராடோ, 5,000 டாலருக்குள் அடங்கும் சின்னக் கமிட்டிகளுக்குச் சலுகை கொடுத்தது. கலிபோர்னியாவின் 2,000 டாலர் எல்லை 2016-க்கு முன்பு 1,000-ஆக இருந்ததாம். ஐயாயிரமாக்கினால் யாருக்கு நஷ்டம்? 1.1 கோடியை மூன்று அடுக்கில் சுற்றுகிறவனுக்கு வக்கீல் இருக்கிறார். எனக்கு எக்ஸெல்தான் இருந்தது.

அப்பாவும் மொய் வைக்க ஆசைப்பட்டார். பேத்தி படிக்கிற பள்ளிக்கூடமாச்சே, 501 ரூபாய் என் பேரில் எழுதிக்கோ என்றார். வெளிநாட்டில் இருக்கும், அமெரிக்கக் குடிமகன் அல்லாத ஒருவர் இங்குள்ள வாக்கெடுப்புக்குப் பணம் தரக் கூடாது என்று கலிபோர்னியாச் சட்டத்தில் தடை இருக்கிறது. சொன்னேன். "அது நியாயந்தான்" என்றார். ஆனால் எல்லா மாநிலத்திலும் அந்தத் தடை இல்லை. மத்தியச் சட்டத்தின் வெளிநாட்டுப் பணத் தடை வாக்கெடுப்புகளுக்குப் பொருந்தாது என்று 2021-இல் மத்தியத் தேர்தல் ஆணையமே சொன்னது. அதே வருடம் மெய்ன் மாநிலத்தில் ஒரு மின்பாதைத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு வந்தபோது, கனடாவின் கியூபெக் அரசுக்குச் சொந்தமான ஹைட்ரோ-கியூபெக் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. சட்டப்படியேதான். 2023-இல் மெய்ன் மக்கள் 86 சதவீத ஆதரவோடு வெளிநாட்டு அரசுப் பணத்தைத் தடை செய்தார்கள். அந்தத் தடையை நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டது. இதையும் அப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை நியாயம் என்று சொல்லவில்லை. சிரித்தார்.

எங்கள் வரி ஜெயித்தது, மூன்றில் இரண்டைத் தாண்டி ஒரு சதவீதம் கூடுதலாக. கணக்கை முடித்து, மிச்சப் பணத்தைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்து, கமிட்டியைக் கலைக்கும் படிவமும் அனுப்பினேன். நாலு வருடம் ரசீதுகளை வைத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு அட்டைப்பெட்டி கராஜில், கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கோயம்புத்தூர்க்காரரின் 240 டாலரும் இணையத்தில் ஏறியிருந்தது. அவருடைய நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்றவர், இந்த வரியைக் கடுமையாக எதிர்த்தவர், அதைப் பார்த்திருக்கிறார். கடைக்கே வந்து, என் வீட்டு வரியை ஏற்ற நீ இட்லி போட்டாயா என்று கேட்டுவிட்டு, பல மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையாம். இதை அவர் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. நான்தான் சங்கடப்பட்டேன். என் அப்பாவைப் போலவே, பெயர் விட்டுப்போகாமல் எழுதியவன் நான். எழுதியதால் பகை வரும் என்று அப்பா சொல்லித்தரவில்லை.

போன வருடம் நகர நூலகத்துக்கு ஒரு வரி வந்தது. வேறொரு குழு, வேறொரு பொருளாளர். தொண்டர்களுக்குக் காலைச் சாப்பாடு கிடைக்குமா என்று கோயம்புத்தூர்க்காரரிடம் கேட்டுச் சொல்லும்படி என்னை அனுப்பினார்கள். கல்லாவில் நின்றபடி கேட்டுக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தொண்ணூத்தொம்பது டாலருக்கு எத்தன இட்லி வரும்னு நீங்களே கணக்குப் போடுங்க. அதுக்கு மேல ஒரு வடை கூட வராதுங்க."